கால் போலோ

1.

இந்தக் கதை நான் திருடியது. கொல்கத்தா கரியாஹாட்டில் முட்டை ரோலுக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒருவன் ஒருத்தியிடம் "கால் போலோ" என்றான். அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அதற்குள் ரோல் வந்துவிட்டது, நான் நகர்ந்துவிட்டேன். மீதியெல்லாம் என் கைவரிசை.

2.

கொல்கத்தாவின் மஞ்சள் வெயிலில் இந்துஜாவின் முகம் ஒரு—

(வேண்டாம். மறுபடி.)

இந்துஜா ஈரோட்டுக்காரி. ஐடி வேலைக்கு இங்கே வந்து எட்டு மாதம். கூட வேலை பார்க்கும் சுஜித் கோஷ், நேற்று இதே ரோல் கடை வாசலில், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டான். அவளுக்கோ ஆசை தாங்கவில்லை. ஆனால் படியில் மெல்ல இறங்குவதற்கு எட்டு மாதமாக அவள் சொல்லிவந்த காரணம் சுளுக்கு. எட்டு மாதச் சுளுக்கை எந்த மடையன் நம்புவான்? சுஜித் நம்பினான். (இந்த இடத்தில் எனக்கே அவன்மேல் சந்தேகம் வந்தது. காதலிக்கிறவன், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.)

3.

இன்று அதே வாசலில் பதில் கேட்டால், அவள் ரோல் சுற்றிய காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவன் பொறுமையாக, "கால் போலோ" என்றான். போலோ என்றால் 'சொல்லு' என்று அவளுக்குத் தெரியும். கால் என்றால் கால்தானே. தூக்கிவாரிப் போட்டது.

"என்ர காலைப் பத்தி உங்களுக்கு ஆருங்க சொன்னா?"* என்றவள், குட்டு உடைந்துவிட்டது என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். "பொறந்ததுல இருந்தே இப்புடித்தானுங்க. ஜீன்ல கோளாறு, பேரைச் சொன்னா நாக்கு சுளுக்கிக்கும். எலும்போட முனை சரியா உருண்டு வளரலீங்க, மூட்டு சீக்கிரம் தேஞ்சிரும். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. நீச்சல் அடிக்கலாம். நாப்பது வயசுல இடுப்பு மூட்டை மாத்தோணும்னாலும் மாத்தோணும். எங்கப்பாவுக்கும் இருக்குது. எனக்குப் பொறக்கற கொழந்தைக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொன்னா உட்டுட்டுப் போயிருவீங்கன்னுதான் சொல்லலீங்க."

* உண்மையில் அவர்கள் பேசுவது ஆங்கிலம். கதை என்னுடையது, ஆகவே சுஜித்துக்கும் சேர்த்துக் கொங்குத் தமிழ்.

4.

சுஜித் முழித்தான். "நான் காலைக் கேக்கலீங்க. வங்காளத்துல கால்னா நாளைக்கு. நாளைக்குச் சொல்லுன்னேன்."

இந்துஜா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் முட்டியது. "அப்ப நீங்களும் நல்லா ரோசிச்சு, கால் போலோங்க."

[முடிவு அ: அவன் ரோலை மென்றபடியே நடையைக் கட்டுகிறான். எழுதினேன், கிழித்துவிட்டேன்.]

[முடிவு ஆ:] "கால்னா எங்களுக்கு நேத்தும்தானுங்க. நான் நேத்தே சொல்லிப்போட்டேன்" என்றான் சுஜித்.

5.

இனி அவள் பதில்தான் பாக்கி. நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். நான்கிலும் சந்தோஷத்தில் குதித்துவிடுகிறாள். டாக்டர் குதிக்கக் கூடாது என்றிருக்கிறார். குதிக்காத சந்தோஷத்தை எழுத எனக்கு வரவில்லை, நீங்கள் எழுதுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். அவளுடைய இரண்டு பாதமும் தரையில் இருக்கட்டும்.