மூன்றாம் சந்தில் புகை இல்லை

சுய்பிங் பார்த்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஊரார் படுக்கையில் கைவைத்துப் பார்க்கிற வேலை.

எங்கள் ஹெபெய் பக்கத்தில் வீட்டுக்கு வீடு செங்கல் கட்டில் உண்டு. அடுப்புச் சூடும் புகையும் அதன் வயிற்றுக்குள் நுழைந்து, சுற்றிவிட்டு, கூரைமேல் இருக்கிற புகைபோக்கி வழியாக வெளியேறும். தை மாதக் குளிரில் அதன்மேல் கால் நீட்டிப் படுத்தவன் ராஜா. வீட்டுக்கு ஒருவர் வந்தால் "கட்டில்ல ஏறு, சூடா இருக்கு" என்பதுதான் முதல் உபசாரம். இப்போது நிலக்கரி எரிக்கக் கூடாது, சோளக்கட்டை எரிக்கக் கூடாது. தலைநகரத்து வானம் நீலமாக இருக்க வேண்டுமாம். இருக்கட்டும், நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் அந்த நீலத்துக்கு எங்கள் ஊர்க் கிழவர்களின் முட்டிதான் கிடைத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே சுய்பிங் கையில் சிவப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு மூன்றாம் சந்தின் நாற்பத்திரண்டு வீடுகளிலும் ஏறி இறங்குவாள். மெத்தைக்கடியில் உள்ளங்கையை விடுவாள். சில்லென்று இருந்தால் நல்ல குடும்பம். கதகதப்பாக இருந்தால் பெயரை எழுதிக்கொள்வாள். ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு இதெல்லாம் ஆசையா என்ன? புருஷன் வேலை பார்த்த செங்கல் சூளையையும் அதே நீல வானத்துக்காக மூடிவிட்டார்கள். மகள் கல்லூரியில் படிக்கிறாள். மாதம் பிறந்தால் தவறாமல் வருகிற சம்பளம் அந்த வீட்டில் இது ஒன்றுதான்.

நிலக்கரிக்குப் பதிலாக எரிவாயு கொடுத்தார்கள். எல்லா வீட்டுச் சுவரிலும் மஞ்சள் குழாய் ஓடியது. முதல் இரண்டு வருஷம் பாதி விலையை அரசாங்கம் கொடுத்தது. பிறகு கையை விரித்துவிட்டது. குழாய் இருந்தது, விலையும் இருந்தது, எரிப்பதற்குத்தான் ஆளில்லை. வீட்டுக்குள்ளேயே கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புத்தாண்டுக்குப் பிள்ளைகள் வரும்போது மட்டும் நான்கு நாள் எரிப்பார்கள். அவர்கள் கிளம்பினதும் அணைத்துவிடுவார்கள்.

சந்தின் கடைசி வீடு அவள் அப்பாவுடையது. கெங் ஃபுலின், எழுபத்தாறு வயது, மனைவி இறந்து தனியாக இருந்தவர். கட்டில் அடுப்பின் வாயைச் சிமெண்டால் அடைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, சந்துப் பொறுப்பாளரான அவளுடைய சொந்தக்காரர் வீட்டிலிருந்து ஆரம்பித்தால் ஊர் கேட்கும் என்று அவர் வீட்டைத்தான் முதலில் அடைத்தார்கள். சிமெண்டைக் குழைத்துக் கொடுத்தவரே அவர்தான். "ஓரமா பூசுங்கப்பா, காத்து வரும்" என்று யோசனை வேறு சொன்னார்.

அன்றைக்கும் அவள் உள்ளே வந்து, பழக்கதோஷத்தில் மெத்தைக்கடியில் கையை விட்டாள். ஐஸ்.

"வாங்க அதிகாரியம்மா," என்றார் அப்பா. "கட்டில்ல ஏறுங்கன்னு சொல்லத்தான் ஆசை. ஏறினா சளி பிடிச்சுக்கும்."

"கிண்டலை விடுங்க. கேஸை ஏன் அணைச்சு வெச்சிருக்கீங்க? போன வாரம்தானே அட்டைல பணம் ஏத்திக் குடுத்தேன்?"

"அது இருக்கட்டும். யோங்செங் புள்ளையக் கூட்டிட்டு வர்றான்ல. தெற்குல வளர்ந்த புள்ள, இங்க வந்தா பல்லு கிடுகிடுன்னு ஆடும். அதுக்குன்னு வெச்சிருக்கேன்."

யோங்செங் அவள் தம்பி. குவாங்தோங்கில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். மூன்று வருஷமாக ஊருக்கு வரவில்லை. இந்தப் புத்தாண்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான்.

"அதுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. அதுவரைக்கும் நீங்க உயிரோட இருக்க வேண்டாமா? நான் வாங்கிக் குடுத்த மின்கம்பளி எங்க?"

"கருகிடுச்சு. போன மாசமே சொன்னேனே."

சொல்லியிருந்தார். வேறு வாங்கித் தருகிறேன் என்று அவளும் சொல்லியிருந்தாள். மறந்துபோயிருந்தாள்.

"எங்க வீட்டுக்கு வந்துடுங்கப்பா."

"உன் வீடு மட்டும் என்ன வாழுது? பொறுப்பாளர் வீடு, எங்க வீட்டைவிட ஒரு படி ஜாஸ்தியாவே உறையும்." சிரித்துவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, பிள்ளை மிட்டாய் கேட்கிற மாதிரி கேட்டார். "ரெண்டே ரெண்டு சோளக்கட்டைடி. விடியற நேரத்துல. பனிமூட்டம் இருக்கு, புகையைத் தேடுற கோபுரத்துக் கேமராவுக்கு ஒண்ணும் தெரியாது. ஊர்ல எல்லாரும் பண்றாங்க, உனக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும். பனிமூட்டமான காலைகளில் அவள் சில வீடுகளுக்குக் கொஞ்சம் தாமதமாகவே போவாள். ஆனால் இந்த வாரம் முடியாது.

"மூணே நாள் பொறுத்துக்கோங்கப்பா. நகரத்துலேர்ந்து ஆய்வுக் குழு வருது. ஒரு வீட்டுல புகை தெரிஞ்சாலும் என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க. அதுவும் சொந்த அப்பன் வீட்டுலன்னா வெளிய தலைகாட்ட முடியுமா? அவங்க போகட்டும், நானே வந்து எரிச்சுத் தர்றேன்."

அவர் அவளை ஒரு முறை பார்த்தார். "சரி விடு. என்னால உன் வேலைக்கு ஒரு கேடும் வராது," என்றார்.

அந்தப் பேச்சை அவள் நம்பினாள். அவர் சொன்னால் செய்கிறவர்.

மூன்றாம் நாள் காலை. பனிமூட்டத்தில் எதிர்வீட்டுக் கதவே தெரியவில்லை. மூக்குக்குள் மூச்சு உறைந்தது. ஆறரை மணிக்கு எல்லாப் புகைபோக்கிகளையும் படம் எடுத்து, கைபேசிக் குழுவில் போட வேண்டும். சுய்பிங் ஒவ்வொரு வீட்டின் சுவரடியிலும் போய் நின்று, அண்ணாந்து, படம் எடுத்துக்கொண்டே வந்தாள். விரல் மரத்துப்போய் இரண்டு முறை கைபேசி கீழே விழுந்தது.

கடைசியாக அப்பா வீடு. அவர் புகைபோக்கியின்மேல் ஈரச்சாக்கு ஒன்று சுற்றியிருந்தது. அதற்கு மேல் நீலக்கரை போட்ட எனாமல் முகம்கழுவும் பாத்திரம் கவிழ்த்து வைத்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வயதில் ஏணி போட்டு ஏறியிருக்கிறார் மனுஷர். குழு வந்து பார்த்தால், அடுப்பை அடைத்தது போதாதென்று புகைபோக்கியையும் மூடிவைத்திருக்கிற நல்ல குடும்பம் என்று நினைக்கட்டும் என்றுதானே? மகளுக்காகத்தானே? சாயங்காலம் வந்து ஏணியைப் பற்றித் திட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். படம் எடுத்தாள். அது மற்ற நாற்பத்தொன்றைவிட நன்றாக வந்திருந்தது. "மூன்றாம் சந்தில் புகை இல்லை" என்று எழுதி அனுப்பினாள். கிராமச் செயலாளர் டோங் உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

உள்ளே போயிருக்கலாம். கதவு பத்தடியில் இருந்தது. குழு ஏழரைக்கு வருகிறது, ஊர் முகப்பில் நிற்க வேண்டும் என்று போய்விட்டாள்.

குழு வந்தது, நான்கு பேர், நல்ல கோட்டுகள். இரண்டு சந்து நடந்தார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள். இதற்குத்தான் மூன்று நாள் ஊர் முழுக்க விறைத்துக் கிடந்தது. சுய்பிங்குக்குத் தோளிலிருந்து மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. கடைக்குப் போய்ப் புது மின்கம்பளி வாங்கினாள், நல்லதாகவே. ஆட்டிறைச்சி கொஞ்சம் வாங்கினாள், அப்பாவுக்கு மாவுருண்டைக்குள் வைத்துக் கொடுக்கலாம் என்று.

மதியம் அப்பா வீட்டுக் கதவைத் தள்ளினதும் முகத்தில் சூடு அடித்தது.

அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவள் மெத்தைக்கடியில் கையை விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பின் வாயில் சிமெண்ட் உடைந்து கிடந்தது. உள்ளே சோளக்கட்டைச் சாம்பல்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னப்பா இது? மூணு நாள்தானே கேட்டேன்? மூணே மூணு நாள். அவங்க உள்ள வந்து கைய வெச்சுப் பார்த்திருந்தா என் கதி என்ன? உங்களுக்கு உங்க முட்டிதான் பெருசு. எம் புள்ள ஃபீஸை யார் கட்டுவா, நீங்க கட்டுவீங்களா?" பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடப் போகிறது என்று போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு மறுபடியும் திட்டினாள். "ஏணி வேற ஏறியிருக்கீங்க. விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யார் பார்க்கறது?"

அவர் திரும்பவில்லை. தூங்குகிற மாதிரி நடிக்கிறார் என்று நினைத்தாள். சின்ன வயதில் அம்மா சத்தம் போடும்போது இப்படித்தான் செய்வார். தோளைப் பிடித்துத் திருப்பினாள். கன்னம் இரண்டும் நல்ல சிவப்பாக இருந்தன. இத்தனை மாதமாக அந்த முகத்தில் அப்படி ஒரு நிறத்தை அவள் பார்த்ததில்லை. ஒரு கணம், ஒரே கணம், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகுதான் தலை சுற்றியது. கண் எரிந்தது. சன்னலில் குளிருக்காக ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக் கிழித்தாள். கதவைத் திறந்தாள். அவரை இரண்டு கையாலும் வாசல் பக்கம் இழுத்தாள். அவர் விறைத்திருந்தார்.

எல்லாம் அப்போது புரிந்தது. குளிர் தாங்கவில்லை. எரிக்காமலும் முடியவில்லை, மகளைக் காட்டிக்கொடுக்கவும் முடியவில்லை. புகை வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதானே என்று வழியை அடைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். வெளியே போகாத புகை அவரோடு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது. கன்னத்துச் சிவப்பும் அந்த நச்சுப்புகை பூசினதுதான். ஆறரை மணிக்கு அவள் அந்தச் சுவரடியில் நின்று சிரித்தபோது, அவருக்கு மூச்சு இருந்ததோ இல்லையோ. அதை யாரிடம் போய்க் கேட்பது?

செயலாளர் டோங் வந்தார். நல்ல மனுஷர்தான், கண்கலங்கினார். கலங்கிவிட்டு, கதவைச் சாத்தினார்.

"சுய்பிங், நான் சொல்றதக் கேளு. புகைன்னு எழுதினா நாளைக்கே வண்டி வரும். ஒவ்வொரு வீட்டுக் கட்டிலையும் இடிப்பாங்க. ஹௌ வீட்டு அத்தைக்கு எண்பத்து மூணு வயசு, அவங்க கதி என்ன? உன் வேலையும் போயிடும், எனக்கும் ஓலை வரும். பெரியவர் திரும்பியா வரப்போறார்? இதயம்னு எழுதிடுவோம். வயசாச்சு, தூக்கத்துலயே போயிட்டார். யார் கேட்கப் போறா?"

அவள் தலையை ஆட்டினாள். டோங் போனதும் ஏணியில் ஏறிப் பாத்திரத்தையும் சாக்கையும் எடுத்தாள். யாரும் பார்க்கவில்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டுதான் எடுத்தாள். சாக்கு உறைந்து பலகையாகியிருந்தது. அதை மார்போடு பிடித்துக்கொண்டு ஏணியின் நடுப்படியில் வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் மதியத்துக்கு மேல் யோங்செங் வந்துவிட்டான். இன்னும் ஒரு வாரம் கழித்து வரவேண்டியவன். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மெல்லிய சட்டையோடு, நடுங்கிக்கொண்டு வந்தான். யாரோ அவன் தலையில் வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். அப்பாவின் காலடியில் விழுந்து அழுதான். தொண்டை கட்டுகிறவரைக்கும் அழுதான்.

சாவு வீட்டில் உதவிக்கு நின்றவர்களுக்கு மகன் மண்டியிட்டுத் தரையில் நெற்றி முட்டி நன்றி சொல்வது எங்கள் வழக்கம். யோங்செங் ஒவ்வொருவர் முன்பாகவும் முட்டினான். கடைசியில் எழுந்து வந்து, ஊரார் பார்க்க, அக்காவின் முன்னால் மண்டியிட்டான்.

"எந்திரிடா," என்றாள் சுய்பிங். "எனக்கு எதுக்கு?"

"உனக்குத்தாங்க்கா முதல்ல செய்யணும். நான் மூணு வருஷமா எட்டிக்கூடப் பார்க்கல. நல்லவேளை நீ பக்கத்துல இருந்தே. தினம் வந்து பார்த்துக்கிட்டே. தூக்கத்துலயே நிம்மதியாப் போனார்னு டோங் மாமா சொன்னார். அது உன்னாலதாங்க்கா." அவன் நெற்றி தரையில் பட்டது. மூன்று முறை பட்டது.

அவன் எதிரே அவளும் முட்டிபோட்டாள். அவன் தலையைப் பிடித்து, காதோடு வாயை வைத்து, "நான்தாண்டா கொன்னேன்," என்றாள். "யோங்செங், அப்பாவ நான்தான் கொன்னேன்."

அவன் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டான். முதுகைத் தடவிக்கொடுத்தான். "அப்படிச் சொல்லாதக்கா," என்றான். "பெத்தவங்க போனா எல்லாப் புள்ளைங்களுக்கும் அப்படித்தான் தோணும். ரயில்ல வரும்போது எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

சுற்றி நின்ற பெண்கள் கோட்டுக் கையின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டோங் தலையைக் குனிந்துகொண்டார். இன்னொரு தடவை சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.