சாராயத்துக்குத் தப்பிய மாப்பிள்ளை

உலகத்தில் பெயரில்லாத சிலந்திகள் ஏராளம். அந்தக் குறைக்காக ஒன்றுகூட இதுவரை புகார் கொடுத்ததில்லை. தூக்கம் கெட்டதென்னவோ ஆய்வகத்தில் அவற்றை ஆராயும் சிலந்திக்காரருக்குத்தான். கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு பூச்சிக்குப் பெயர் வைத்துப் பெரிய மனிதர்களாகிவிட, அவர் மட்டும் அடுத்தவர் பெயர் வைத்த சிலந்திகளுக்குக் கால் எண்ணிக்கொண்டிருந்தார். எப்போது எண்ணினாலும் எட்டுதான்.

ஒருநாள் சரிவில் கல்லைப் புரட்டியபோது அதிர்ஷ்டம் எட்டிப் பார்த்தது. மண்ணுக்குள் மிளகளவு உடம்பு, முதுகில் வெள்ளிக் கோடு, யாரும் பார்த்திராத இனம். ஒரே குறை, அது வயதுக்கு வராத ஆண். கடைசித் தோலை உரித்த பிறகுதான் வாயருகே உள்ள குட்டிக் கைகள் குத்துச்சண்டைக் கையுறைபோல உப்பும்; அந்த வடிவம்தான் இனத்தின் அடையாள அட்டை. அதை வரைந்து, ஆசாமியை உயிரோடு சாராயத்தில் முக்கிப் பதப்படுத்தி, பிறகு பெயர் வைக்க வேண்டும். ஊரில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் முறையே வேறு.

ஆய்வகத்தில் குளிர் ஆகாதென்று மண்ணோடு பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். கெட்டது காரியம்.

"இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்," என்றாள் மனைவி. இரண்டு வாரத்தில், "என்னங்க, மாப்பிள்ளை இன்னைக்கு ரெண்டு பழ ஈ சாப்பிட்டாரு. உங்கள மாதிரி உப்பு கம்மின்னு மூஞ்சியத் தூக்கல," என்றாள்.

ஒரு காலையில் மாப்பிள்ளை தோல் உரித்தார். சிலந்திக்காரர் கையுறைகளை ஆசைதீர வரைந்தார். பிறகு சாராயப் புட்டியைத் திறந்தார்.

"என்ன பண்ணப்போறீங்க?"

"குளிப்பாட்ட."

"குளிச்சப்புறம்?"

புட்டியை மூடினார். ஆயிரம் சிலந்திகளைக் கண் சிமிட்டாமல் சாராயத்தில் முக்கியெடுத்த மாவீரர் அவர்.

ஆய்வகத் தலைவர் தொலைபேசியில் கத்தினார். "பக்கத்து ஆய்வகத்து வழுக்கைக்கும் இதே சிலந்தி கெடச்சிருக்காம்யா! அவன் முந்திட்டா நீ அம்போதான். உன்னோடது தோல் உரிச்சாச்சா?"

"இன்னும் இல்லீங்க சார்." உரித்த தோல் எதிரிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை சாப்பிடுவதை நிறுத்தினார். பாட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். மனைவி கலங்கிப்போனாள்.

"பெரியவனாயிட்டா ஆண் அப்படித்தான். பொண்ணு தேடி அலைவான், கொஞ்ச நாள்ல போய்ச் சேருவான்," என்றார் சிலந்திக்காரர்.

"அதுவரைக்கும் அலையட்டுமே. உங்களுக்கு என்ன அவசரம்?"

என்ன அவசரம் என்று தலைவருக்குத்தான் தெரியும். சிலந்திக்காரர் விடுப்பு போட்டுவிட்டுப் பாட்டிலுக்குக் காவல் இருந்தார்.

மாப்பிள்ளை கால்களை மடக்கி உயிரை விட்டபோது புட்டியை எடுத்துவந்தது மனைவிதான். "சீக்கிரம் போடுங்க, காய்ஞ்சிடப் போறான்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதே வாரம் வழுக்கையின் கட்டுரை வெளிவந்தது. வாய்க்குள் நுழையாத பெயர் ஒன்றை வைத்திருந்தார். சிலந்திக்காரர் வயிறெரிய ஒவ்வொரு வரியாகப் படித்து, கடைசி வரியில் நின்றார். 'இது என்ன தின்னும், எப்படி வாழும் என்பது தெரியவில்லை.'

"பிடிச்சதுமே முக்கிட்டான்ல, எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி. "நீங்க எழுதுங்க. பழ ஈ பிடிக்கும். எறும்பு ஆகாது. கோவமே வராது."

"கோவம் வராதுன்னெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரையில எழுத முடியாதும்மா."

"ஏன், வந்துச்சா?"

யோசித்துப் பார்த்தார். எழுதினார்.