தள்ளாத பெரியவர்

கார்காலம் வந்து நின்றது. வானம் தன் கருமையை மெல்லக் கீழே இறக்கி, கூரைகளின் மேலும் மரங்களின் மேலும் மனிதர்களின் பேச்சின் மேலும் போர்த்தியது. பகலெல்லாம் விளக்கேற்றும் பொழுதாகவே தோன்றியது. ஒரு தவளை விட்ட இடத்தில் மறு தவளை எடுத்து, விடியும்வரை பாராயணம் நடந்தது. ஈசல்கள் சிறகு முளைத்த களிப்பில் விளக்கைத் தேடி வந்தன. வந்து சிறகை உதிர்த்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் தரையில் நடந்து போயின. பிரிந்து போனவர் திரும்பி வருவார் என்று முன்னோர் நம்பிக் காத்திருந்த பருவம் இது. தையல்காரர் வீட்டு முற்றத்திலும் ஒரு கார் காத்திருந்தது. அது பல ஆண்டுகளாக எங்கும் போகாததால், திரும்பி வரும் பேச்சுக்கே இடமில்லாமல் இருந்தது.

முற்றத்தை அடைத்துக்கொண்டு நின்றது அது. வாசற்படிக்கும் அதன் முகப்புக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் இடமே மிச்சம். துணி கொடுக்க வருகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் உள்ளே வந்து சேர்வார்கள். எக்கிய வயிற்றுக்கு அளவெடுத்தால் சட்டை பிடிக்கும் என்பதால், தையல்காரர் முதலில் அவர்களை உட்காரவைத்து, "மூச்சு விடுங்க, அப்புறம் அளவு பாக்கலாம்" என்பார்.

கார் அவருடைய மாமனாருடையது. அவர் காலத்துக்குப் பின் மகளிடம், அதாவது தையல்காரரின் மனைவியிடம், வந்து சேர்ந்தது. தையல்காரர் அதைக் கார் என்று சொன்னதே இல்லை. பெரியவர் என்றுதான் சொல்வார். "பெரியவருக்கு இன்னைக்கு நெஞ்சு கட்டியிருக்கு" என்றால் என்ஜின் கிளம்பவில்லை என்று பொருள்.

மகளுக்கோ அந்த மரியாதை கிடையாது. அவர் பள்ளியில் தமிழாசிரியை. இலக்கணம் அவருக்குப் பாடமன்று, சுபாவம். சிறுமியாக இருந்த காலத்தில் ஒவ்வொரு காலையும் பள்ளிக்கூடம் போக அந்தக் காரைத் தெருமுனைவரை தள்ளியவர். அப்பா உள்ளே அமர்ந்து ஓட்டுவார்; மகள் வெளியே நின்று தள்ளுவாள்; கிளம்பியதும் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வாள். "முதுமைக்குத் தள்ளாத வயசுன்னு பேரு. என் பால்யத்துக்குத் தள்ளுற வயசுன்னு பேரு" என்பார் ஆசிரியை.

பழுது வேலையில் தையல்காரருக்குத் துணை அவருடைய மச்சான், அதாவது ஆசிரியையின் தம்பி. குழாய் வேலை செய்பவர். தெரு அவருக்கு வைத்த பெயர் அவசரம். ஒரு தையல்காரரும் ஒரு குழாய்க்காரரும் சேர்ந்து ஒரு காரைப் பழுது பார்த்தால் என்ன ஆகுமோ, அது ஆகியிருந்தது. ரேடியேட்டரின் அடியில் குளியலறைக் குழாய் ஒன்று திருகுபிடியோடு பளபளத்தது. இருக்கைகள் கோட்டுத் துணியில் உறை அணிந்து, பேனா வைக்கப் பையும் பெற்றிருந்தன. மிதித்த ஆக்ஸிலேட்டர் மறுபடி மேலே எழும்பியது பாவாடை எலாஸ்டிக்கின் தயவால்.

ஆனால் உண்மையான விபரீதம் பழுதால் வரவில்லை, அளவால் வந்தது. துருப்பிடித்த பாகங்களுக்குப் பதிலாக, பழைய மாதிரியிலேயே புதிதாகச் செய்து தரும் பட்டறை ஒன்றைத் தையல்காரர் பிடித்தார். அவர்கள் போனில் அளவு கேட்டார்கள். கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்து பானெட், கதவு, வைப்பர், சக்கர மூடி என்று எல்லாவற்றையும் அளந்து, கைப்பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு விரல் தாராளம் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

"ஏன் மாமா ரெண்டு விரல் கூட?" பாகங்கள் வந்திறங்கிய அன்று அவசரம் கேட்டார்.

"உக்காந்தா, எழுந்தா பிடிக்கக் கூடாதுல்ல."

"வளர்ற பிள்ளையா மாமா அது?"

"துவைச்சா சுருங்குமேன்னு ஒரு யோசனை" என்றபோது தையல்காரரின் குரல்தான் சுருங்கியது.

அண்ணன் சட்டையைப் போட்ட தம்பிபோல் பெரியவர் புதிய பானெட்டுக்குள் ஒடுங்கினார். கதவு சட்டத்துக்குள் நுழைய மறுத்து, மேலே போர்வையாகப் படுத்தது. ரவிக்கைக் கொக்கிகளை வரிசையாக வைத்து அதை மாட்ட வேண்டியிருந்தது. நீளம் மிஞ்சிய வைப்பர்கள் இரண்டும், நெடுநாள் பிரிந்த சகோதரர்களைப் போல, நடுக்கண்ணாடியில் சந்திக்கும்போதெல்லாம் கட்டிக்கொண்டன. யாராவது கைவிட்டுப் பிரிக்காதவரை விடுவதில்லை.

பழையபடியே நின்றது டிக்கி மூடி ஒன்றுதான். அதில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு பள்ளங்கள். தட்டி நிமிர்த்தலாம் என்று அவசரம் சுத்தியலை எடுத்தபோதெல்லாம், "அதுல கை வைக்காதே மச்சான்" என்று தையல்காரர் தடுத்துவிடுவார். காரணம் கேட்டால் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிடுவார்.

இப்படியிருக்கையில் போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர் காரைக் கேட்டு வந்தார். பாதியாக அறுத்துப் பின்பக்கத்தைச் சோபா ஆக்கி, மணமக்களை உட்காரவைத்துப் படம் எடுப்பாராம். ஆசிரியைக்கு முற்றம் வேண்டும். தையல்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை. பெரியவரை அறுப்பார்கள் என்ற நினைப்பில் கத்தரிக்கோலைக்கூடக் கையால் தொடவில்லை. அதைக் கண்டு ஆசிரியை ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை ஏரிக்கரைக்குப் போயிட்டு, திரும்பி நம்ம வாசலுக்குள்ள வரணும். யாரும் தள்ளக் கூடாது. வந்துட்டா இங்கயே இருக்கட்டும். தள்ளினா அன்னைக்கே சோபா."

"இழுக்கலாமாக்கா?" என்றார் அவசரம்.

"ஒண்ணைச் சொன்னா அதோட இனத்தையும் சொன்ன மாதிரிதான்டா. இழுக்கறது, உந்தறது, உதைக்கறது எல்லாம் அதுல அடக்கம்."

"திட்டலாமா?"

"உன் மாமாவுக்கு அது வராது."

ஞாயிறு வந்தது. ஸ்டுடியோக்காரரும் முன்கூட்டியே வந்து, தம் டேப்பை விரித்துப் பின்னிருக்கையின் அகலத்தை அளந்தார். "உயிரோட இருக்கறவருக்குப் பாடை அளக்கறாங்க மச்சான்" என்று தையல்காரர் முணுமுணுத்தார். ஸ்டுடியோக்காரரோ, "நீங்க நிதானமா போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்று வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்தார்.

பெரியவர் முதல் முயற்சியிலேயே கிளம்பினார். தையல்காரர் ஓட்ட, அவசரம் அருகில் அமர, ஆசிரியை குடையோடு பின்னால் வீற்றிருந்தார்.

"என்னங்க, கதவு திறந்துக்குது."

"திறக்கலம்மா. மூச்சு விடுது."

முதல் திருப்பத்தில் சக்கர மூடி ஒன்று கழன்று, கட்டியம் கூறுபவன்போல் அவர்களுக்கு முன்னே உருண்டு போனது. அவசரம் இறங்கி ஓடிப் பிடித்து வந்தார். பிறகு மழை பிடித்தது. வைப்பர்கள் ஆரத் தழுவின. ஜன்னல் வழியே கைநீட்டி, "விடுங்கப்பா, போதும், வீட்ல போயி பேசிக்கலாம்" என்று அவசரம் அவற்றைப் பிரித்துக்கொண்டே வந்தார். வழியில் என்ஜின் கொதித்தது. அணைக்கப் பயந்து, ஓடும் என்ஜினோடே வண்டியை ஓரங்கட்டிக் குழாயைத் திறந்து கொஞ்சம் இறக்கிவிட்டு, மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றினார்கள். அவ்வழியே சேற்றுக் காலோடு வந்த ஒருவர், ஒன்றும் கேளாமல் குழாயடியில் தள்ளி நின்று காலை நீட்டி, "வெந்நீரே வருதா, நல்ல ஏற்பாடு" என்று கழுவிக்கொண்டு போனார்.

ஏரிக்கரையும் வந்தது. ஆசிரியை இறங்கி, தண்ணீரைப் பார்க்காமல், காரின் பின்புறம் போய் நின்றார்.

"என்னங்க. எல்லாத்தையும் மாத்தினீங்க. இதை மட்டும் ஏன் தட்டி எடுக்கல?"

தையல்காரர் கழுத்து டேப்பைச் சரிசெய்துகொண்டார். ஊசியும் நூலும் அருகில் இல்லை. "அது பழுதில்லம்மா. அளவு."

"யாரோட அளவு?"

"பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிட்டுப் போனவங்களோடது." டிக்கி மூடியைப் பார்த்தபடி, "அதுக்கு மட்டும் நான் தாராளம் சேர்க்கல" என்றார்.

ஆசிரியை அந்த வாக்கியத்தில் வழக்கம்போல் பிழை தேடினார். அகப்படவில்லை. ஏறி அமர்ந்தார்.

திரும்பும் வழியெல்லாம் பெரியவர் இருமினார், ஆனாலும் நடந்தார். தெரு வந்தது, வீடு வந்தது. வாசலில் முற்றத்துக்கு ஏறும் சிறு மேடு ஒன்று உண்டு. முன்சக்கரங்களை அதன்மேல் வைத்தவர், நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு அடங்கிப்போனார். தையல்காரர் சாவியைத் திருகினார். டக் என்றது. மறுபடி திருகினார். அந்த டக்கும் இல்லை.

ஸ்டுடியோக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "பாவம், இவ்வளவு தூரம் வந்துட்டாரு" என்றார், டேப்பை விரலில் சுற்றியபடி.

"மாமா, எல்லாரும் மூச்சைப் பிடிச்சா எடை குறையுமா?" என்றார் அவசரம். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

தையல்காரர் இறங்கினார். அளவு மிஞ்சிய பானெட்டை, சட்டைக் காலரை நீவுவதுபோல் ஒருமுறை நீவிவிட்டார். சாவியைக் கழற்றி ஸ்டுடியோக்காரரை நோக்கி நீட்டப் போனவரை ஆசிரியையின் குரல் நிறுத்தியது.

"உள்ள போயி ஸ்டியரிங்கைப் பிடிங்க."

"எதுக்கும்மா?"

"சொன்னாச் செய்யுங்க. கியரையும் எடுத்து விடுங்க."

அவர் போய் அமர்ந்து கண்ணாடியில் பார்த்தார். ஆசிரியை குடையை மடக்கி வைத்துவிட்டு, மழையில் டிக்கிக்குப் பின்னே நின்றார். இரு கைகளையும் அந்த இரண்டு பள்ளங்களில் வைத்தார். கைகள் அப்படியே அமர்ந்தன. அந்தக் கார் முழுவதிலும் ஓர் இழை பிசகாமல் பொருந்தியது அது ஒன்றே. கண்களை மூடித் தலையைத் தாழ்த்தினார். நெற்றி மூடியைத் தொட்டது. அந்நேரம் பார்த்து அவசரத்துக்கு அசதி மேலிட, அவரும் ஒரு பக்கமாக முதுகைச் சாய்த்துக்கொண்டார். பெரியவர் மேடேறி முற்றத்துக்குள் எழுந்தருளினார்.

"டீச்சர், தள்ளிட்டீங்களே" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"தள்ளல. கும்பிட்டேன்."

"கும்பிடறதுன்னா கையைக் கூப்பணுமே."

"ஒண்ணைச் சொன்னா அதோட இனத்தையும் சொன்ன மாதிரி. கூப்பறதும் வணக்கம்தான், தொடறதும் வணக்கம்தான், தலையைச் சாய்க்கறதும் வணக்கம்தான்."

"நான் சும்மா சாஞ்சேன்" என்றார் அவசரம். "சாயறது எந்த இனத்துலயும் வராது."

இலக்கணத்தோடு வாதாடிக் கரையேறியவர் எவருமில்லை. ஸ்டுடியோக்காரர் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்ப எனக்கு ஒரு சட்டையாவது தைச்சுக் குடுங்க" என்றார். "தாராளம் வேண்டாம்."

மழை தூறலாகத் தணிந்தது. தையல்காரர் வயிற்றை எக்கி, வாசலுக்கும் பெரியவருக்கும் இடையே பாதி நுழைந்தவர், அங்கேயே நின்று திரும்பிப் பார்த்தார். ஆசிரியை இன்னும் பின்னால்தான் இருந்தார். முந்தானை நுனியால் அந்த இரண்டு பள்ளங்களிலும் தேங்கிய நீரை ஒற்றி எடுத்தார். விரல்களால் அவற்றைத் தொட்டு, இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு யாருக்கும் கேட்காது என்று எண்ணி, மெல்லச் சொன்னார்:

"தள்ளாத வயசுலயும் தள்ளாம ஓடணும். நல்லா இருங்க, பெரியவரே."