சரிவின் மேல்பக்கம்

வெளிச்சம் வருவதற்குள் இரண்டு மரம் அறுத்து முடித்திருந்தோம். ரம்பத்தின் ஒரு பிடியில் நான், மறுபிடியில் என் மனைவி ஞானசுந்தரி. உள்ளங்கை உரிந்து பிடி முழுக்க ரத்தப் பிசுக்கு. வாய்க்குள் மரத்தூள். மழை நின்றபாடில்லை. நாங்கள் காபிப் பழம் பறிக்கிறவர்கள். செடியின் கிளை கழிக்கும் கவாத்துக் கத்தி பிடிக்கத் தெரியும், மரம் அறுக்கத் தெரியாது.

அது எழுபத்தேழாம் வருஷம். நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயல் சேர்வராயன் மலை வரைக்கும் வந்து, வெள்ளக்கடைக்கு மேலே இருக்கும் எங்கள் எஸ்டேட்டைப் புரட்டிப்போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்கள் வேரோடு சாய்ந்து, பழுத்த காபிச் செடிகளை நசுக்கிக்கொண்டு கிடந்தன. நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் பாதிக்குக் கூரை இல்லை. பிள்ளைகள் ஈரச் சாக்குகளுக்கு அடியில் முடங்கிக் கிடந்தார்கள். முதலாளிக்கோ மரத்தை விற்கும் அவசரம். கூரையெல்லாம் அப்புறம் என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது மரத்துக்கு வந்தபோது, எங்களோடு வேலை செய்த மூத்தவர் சித்தண்ணன் கோடாரியைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க ரைட்டரு, சேலத்துலருந்து மரம் அறுக்கற ஆளுங்களக் கூட்டியாரலாமுங்களே. எங்களுக்குப் பழக்கமில்லீங்க."

எஸ்டேட் கணக்கெழுதி எங்களை வேலை வாங்கும் ரைட்டர் வெங்கடாசலம் குடைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. "ரோடு கெடக்கற கெடைல எவன் வருவான்? சோறு திங்கப் பழகிக்கிட்டீல்ல, இதையும் பழகிக்க. வேரை ஒட்டி அறுங்க. ஒரு சாண் வீணாகக் கூடாது."

அந்த மரம் தலையைச் சரிவின் கீழே நீட்டி விழுந்திருந்தது. வேர்கள் மண்ணோடும் கல்லோடும் ஒன்றரை ஆள் உயரத்துக்குச் சுவர் போல எழுந்து நின்றன. சுவருக்குப் பின்னால், மேட்டுப் பக்கம், வேர் பிடுங்கிய பள்ளம். ரம்பம் முக்கால் பாகம் இறங்கியதும் மரம் முனகியது.

சரிவில் வேலை செய்கிறவன் மேல்பக்கம்தான் நிற்க வேண்டும். உருளுவது எதுவானாலும் கீழேதான் உருளும். மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு நடை பழக்கும்போதே இதைச் சொல்லிவிடுவோம்.

"அண்ணா, மரம் உருண்டுக்கும். மேலுக்குப் போயி நின்னுக்கங்க" என்றேன். சித்தண்ணன் வேர்ச் சுவரைச் சுற்றிப் போய்ப் பள்ளத்தில் நின்றார்.

மரம் உருளவில்லை. அறுந்த அடுத்த நொடியே, அதுவரை வேரைச் சாய்த்துப் பிடித்திருந்த பாரம் போய்விட, அந்த வேர்ச் சுவர் அப்படியே நிமிர்ந்து தன் பழைய பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. ஒரே ஒரு சத்தம்தான். புயலே வராத மாதிரி அடிக்கட்டை நேராக நின்றது.

கடப்பாரையால் தோண்டினோம். கடப்பாரை பட்டுவிடும் என்று பயந்து பிறகு கையால் தோண்டினோம். நகங்கள் பிய்ந்தன. ஒரு கை வெளியே தெரிந்தது. விரல்கள் கொஞ்ச நேரம் அசைந்தன. பிடித்து இழுத்தோம். தோள் கழன்ற சத்தம் கேட்டும் இழுத்தோம். வெளியே எடுத்தபோது நெஞ்சு நசுங்கியிருந்தது. அவர் மனைவி காளியாயி மடியில் தலையைப் போட்டுக்கொண்டு, வாயில் இருந்த மண்ணை விரலால் தோண்டித் தோண்டி எடுத்தாள்.

முதலாளி வந்தார். முதலில் மரத்தைப் பார்த்தார், பிறகுதான் பிணத்தை. ரைட்டர் அவர் காதில் என்னவோ சொன்னார்.

"தன் ஊட்டுக் கூரைக்கு மரம் திருட வந்தான், செத்தான். போலீஸ் வந்தா எல்லாரும் அப்படித்தான் சொல்லணும்" என்றார் முதலாளி.

"திருடனுங்களா? ரைட்டருதானுங்களே அறுக்கச் சொன்னாரு" என்று காளியாயி எழுந்தாள்.

ரைட்டர் குடையை மடக்கி அவள் தலையில் அடித்தார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. நான் குறுக்கே போனேன். அடுத்த அடி என் வாயில் விழுந்தது. ஒரு பல் நாக்கில் கிடந்தது.

"மனுவேலு, மேல நில்லுன்னு சொன்னது நீ. அறுத்ததும் நீ" என்றார் முதலாளி என்னிடம், குரலை உயர்த்தாமல். "திருடன்னு சொன்னா உன் ஊட்டுக்கு நாளைக்கே தகரம் வரும். இல்லேன்னா உன் மேல கொலைக் கேஸு. பொழுது சாயறதுக்குள்ள இவ லைன் ஊட்டைக் காலி பண்ணணும். செத்தவனுக்கு எதுக்கு ஊடு?"

எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

காளியாயி என்னைப் பார்த்தாள். "நீ சொல்லித்தான் அங்க நின்னாராப்பா?"

"ஆமாங்க அண்ணி."

கண்ணில் இறங்கிய ரத்தத்தைத் அவள் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நானா இருந்தாலும் அங்கதான் நிக்கச் சொல்லியிருப்பேன்."

பல்லைத் துப்பினேன். "நான்தானுங்க அறுத்தேன். ரைட்டரு சொல்லி அறுத்தேன். போலீஸ்கிட்டயும் இதையேதான் சொல்லுவேன்."

"மறுபிடி நான் புடிச்சனுங்க. எம் பேரையும் சேத்துக்கங்க" என்றாள் ஞானசுந்தரி.

"மொத மரத்துக்குக் கெளை வெட்டுனது நானுங்க" என்றார் கூட வேலை பார்த்த ஐயாக்கண்ணு. அவர் பின்னாலேயே அத்தாயி, குப்பாயி. ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். ரம்பங்களையும் கோடாரிகளையும் பிணத்தின் காலடியில் போட்டார்கள். நாற்பது பேர்.

"அத்தனை பேரையும் எஸ்டேட்டை விட்டு வெளியே போட்டுடுவேன்" என்றார் முதலாளி.

"போடுங்க" என்றாள் ஞானசுந்தரி. "ரோட்டுல கெடக்கற மரத்துக்கு நீங்க ஒரு பிடி புடிங்க, ரைட்டரு மறுபிடி புடிக்கட்டும். எங்களுக்குப் பழகுன மாதிரி உங்களுக்கும் பழகிக்கும்."

பட்டப்பகலில், முதலாளியின் பங்களா வாசல் வழியாகவே, அந்த மரத்தின் நுனித் துண்டைத் தோளில் தூக்கிப் போனோம். காளியாயி வீட்டின் மொட்டைச் சுவர்கள் மேல் அதை ஏற்றி, தார்ப்பாயும் சாக்கும் போட்டுக் கூரையாக்கினோம். அதற்கடியில் சித்தண்ணனைக் கிடத்தினோம். மழை இப்போது அவர் முகத்தில் விழவில்லை.

மாலையில் கீழே போலீஸ் ஜீப்பின் சத்தம் கேட்டது. ரோட்டில் கிடந்த முதல் மரத்தின் முன்னால் அது நின்றது. லத்திகளோடு பத்துப் பேர் இறங்கி ஏறி வந்தார்கள். முன்னால் ரைட்டர் வழி காட்டிக்கொண்டு வந்தார்.

நெற்றியில் துணி சுற்றிய காளியாயி முதலில் இறங்கினாள். நாங்கள் எல்லோரும் அவளோடு சரிவில் இறங்கி அவர்களுக்கு எதிரே போனோம். அன்றைக்கு யாரும் மேல்பக்கம் நிற்கவில்லை.