பதினான்கு மூடிய முறைப்பாடுகள்

மல்லாவிச் சந்தைக்கு அருகே, விதைநெல் கடையொன்றின் மேல்மாடியில் இருந்த அந்தச் சிறிய அலுவலகத்தில், விமலேஸ்வரி எழுதும் முறைப்பாடுகளை ஒருவரும் கடைசி வரிவரை வாசித்ததில்லை.

பாலையடிக் குளத்தின் கீழ் நெல் விதைக்கும் அறுநூறு குடும்பங்களுக்கு முறைத்தண்ணீர் பங்கிடும் ‘மடை’ என்ற கைபேசிச் செயலியை அந்த அலுவலகம் நடத்திவந்தது. எந்த வயலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்பதைச் செயலி தீர்மானிக்கும்; கமக்காரருக்கு முதல்நாளே செய்தி அனுப்பும்; வாய்க்கால் மடைகளைத் திறந்து மூடும் வட்டவிதானைக்கு அன்றைய பட்டியலைக் கொடுக்கும். பிழை நேர்ந்தால் கமக்காரர் தொலைபேசியில் அழைப்பார்கள். இளையவர்கள் இஷ்யூ ட்ராக்கர் என்று அழைத்த முறைப்பாட்டுப் பட்டியலில் விமலேஸ்வரி அதை இலக்கமிட்டுப் பதிவார். கேட்டதையெல்லாம் பதிவார். தண்ணீர் வராத செய்தி ஒரு வரி. அழைத்தவருடைய பசு கன்று போட்டது, மருமகளுக்குக் காய்ச்சல், பேச்சின் நடுவே நாய் குரைத்தது என்று பத்து வரி.

“முறைப்பாடு எழுதச் சொன்னா அக்கா புராணம் படிக்கிறா,” என்பான் றிப்னாஸ். தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து வந்து மல்லாவியில் அறையெடுத்துத் தங்கியிருந்த நிரலாளன் அவன். வாய் சும்மா இராது.

“நீ வாசிக்காட்டி இரு. சொன்ன சனத்துக்கு நான் செய்யிற மரியாதை அது,” என்பார் விமலேஸ்வரி, தட்டச்சுப் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யதுர்ஷிகா சிரிப்பாள்; முதல் வரியை மட்டும் வாசிப்பாள்; வேலையைப் பார்ப்பாள். மடைச் செயலியின் நிரலை நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதியவள் அவளே. அது அவளுக்குப் பிள்ளை மாதிரி. பிறர் குறை சொன்னால் முகம் சிவந்துவிடும்.

ஆறாம் வாய்க்காலின் கடைக்கோடியிலோ மூன்று போகமாக ஒரு குறை தீராமல் இருந்தது. ஒருமுறை ஒருவருடைய வயல், மறுமுறை இன்னொருவருடையது என்று, முறை வந்த நாளில் தண்ணீர் வராமலே போனது. “பட்டியலிலை இல்லை. இல்லாத மடையை நான் திறக்கேலாது,” என்பதே வட்டவிதானை பரமலிங்கத்தின் பதில். ஆனால் அன்றைய பட்டியல் மறுநாள் அழிந்துவிடும். அவருடைய சொல்லுக்குச் சாட்சி இல்லை. யதுர்ஷிகா ஒவ்வொரு தடவையும் பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். வயல் இருந்தது, பெயர் இருந்தது, தொலைபேசி எண்ணும் இருந்தது. ‘பரிசோதித்தேன். பிழை இல்லை. மாற்று முறை கொடுக்கப்பட்டது’ என்று எழுதி, இரண்டு மூன்று நாள் தள்ளி ஒரு நாளைக் கொடுத்து, முறைப்பாட்டை மூடினாள். அவ்வாறு மூடியவை பதினான்கு.

பதினான்காவது, கமலாசனியுடையது. தனியொருத்தியாய் இரண்டு ஏக்கர் செய்பவர். நெல், கதிர் தள்ளுவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நிற்கையில் வயல் வெடித்துப்போனது. விதானையார் ஆள் பார்த்துத் திறக்கிறார் என்ற பேச்சு அன்றோடு ஊரெங்கும் பரவியது. ஞாயிற்றுக்கிழமை கமக்காரர் அமைப்பு கூடி, இருபத்திரண்டு ஆண்டுகள் மடை காத்த அந்த மனிதரை விலக்குவதென்று ஏற்பாடு. செயலியில் பிழை உண்டா இல்லையா என்று சபையில் சொல்ல யதுர்ஷிகாவையும் அழைத்திருந்தார்கள். சொல்ல வேண்டியதை அவள் முடிவு செய்துவிட்டாள். இல்லை என்பதே அது.

வெள்ளிக்கிழமை பிற்பகல், வேறொரு வேலையாக, நிரல் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரை முறைப்பாட்டுப் பட்டியலோடு இணைக்க அவளும் றிப்னாஸும் அமர்ந்தார்கள். தீராமல் கிடந்த முப்பத்தெட்டு முறைப்பாடுகளை வாசித்து, எதை முதலில் திருத்தலாம் என்று அது சொல்ல வேண்டும், அவ்வளவே நோக்கம். நிரலையும் பட்டியலையும் வாசிக்கலாம், எதையும் மாற்றலாகாது, கமக்காரர் பதிவேட்டைத் தொடவே கூடாது என்று யதுர்ஷிகா அனுமதிகளை ஒவ்வொன்றாக அளந்து கொடுத்தாள்.

“திறந்து கிடக்கிறதை மட்டும் காட்டு, யது. மூடினதெல்லாம் குப்பை,” என்றான் றிப்னாஸ்.

பின்னால் தேநீரோடு நின்ற விமலேஸ்வரி எட்டிப் பார்த்தார். “மூடினதையும் உது வாசிக்குமோ பிள்ளை?”

“விட்டா வாசிக்கும் அக்கா.”

“கடைசி வரிவரைக்குமோ?”

“அக்கா, மெஷினுக்கும் ஒரு பொறுமை இருக்கு. பாவம், அதை விடுங்கோ,” என்றான் றிப்னாஸ்.

விமலேஸ்வரி சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தம் கதிரைக்குத் திரும்பினார். யதுர்ஷிகா அந்த முதுகைப் பார்த்தாள். ‘மூடியவை’ என்ற பெட்டியிலும் ஓர் அடையாளம் இட்டாள். அது வேலைக்காகச் செய்ததன்று. விமலேஸ்வரிக்காகச் செய்தது.

மூன்று நிமிடத்தில் பதில் வந்தது. முப்பத்தெட்டின் வரிசையை எதிர்பார்த்தவள், முதற் பந்தியைக் கண்டு கோப்பையைக் கீழே வைத்தாள்.

“திறந்துள்ள முறைப்பாடுகளுக்கு முன்பாக, மூடப்பட்ட பதினான்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவை அனைத்தும் ஒரே தவறிலிருந்து வந்திருக்கலாம். ஒன்பது பதிவுகளில், அழைத்தவர் பாறூக் என்பவருடைய கடையில் நின்று பேசுகிறார். அவற்றுள் மூன்றில், பக்கத்தில் மிளகாய் அரைக்கும் சத்தம் கேட்டதாக எழுதப்பட்டுள்ளது. வேறு நான்கு பதிவுகளில் கடையின் பெயர் இல்லை. அதே சத்தம் மட்டும் இருக்கிறது. எஞ்சிய ஒன்றில் இரண்டும் இல்லை. இவர்கள் அனைவரும் ஒரே தொலைபேசி எண்ணைக் கொடுத்திருக்கக்கூடுமா? எனக்குப் பதிவேடும் தெரியாது, ஊரும் தெரியாது. தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.”

றிப்னாஸும் குனிந்து வாசித்தான். பிறகு இருவரும் ஒருசேர விமலேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன, என்னைப் பாக்கிறியள்?”

“அக்கா, ஆறாம் வாய்க்கால் சனம் ஏன் பாறூக் நானாவின்ரை கடையிலயிருந்து கோல் எடுக்கினம்?” என்று கேட்டாள் யதுர்ஷிகா.

“வேறை எங்கயிருந்து எடுக்கிறது? அந்தப் பக்கம் கவறேஜ் எங்கை கிடக்கு? கூரைக்கு மேலை அன்ரெனா போட்ட போன் அந்தக் கடையிலை மட்டும்தான். மீள்குடியேறி வந்த நாளிலயிருந்து எந்த ஃபோம் குடுத்தாலும் அந்த நம்பரைத்தான் எழுதுவினம். செய்தி வந்தா நானா ஆளனுப்பிச் சொல்லிவிடுவார். உனக்கு உது தெரியாதே?”

யதுர்ஷிகாவுக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டும். போர் முடிந்து மீள்குடியேறிய புதிதில், தறப்பாள் கொட்டிலில் இருந்து படித்த காலத்தில், பாடசாலைப் படிவத்தில் அவளும் ஒரு கடையின் எண்ணைத்தான் எழுதினாள். அந்தப் பிள்ளை வளர்ந்து, பட்டம் பெற்று, ஆளுக்கொரு கைபேசி என்று எண்ணி ஒரு நிரல் எழுதிவிட்டாள்.

பதிவேட்டைத் திறந்தாள். கடைக்கோடியின் ஏழு வயல்களுக்கும் ஒரே எண். உதவியாளரின் பதில் இன்னும் இருந்தது. “அன்றாடப் பட்டியலை ஆக்கும் இடத்தில், ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் அதை நீக்கும் வரி ஒன்று உள்ளது. ஒருவருக்கு இருமுறை செய்தி போகாதிருக்க எழுதியிருப்பீர்கள். ஆனால் திறக்க வேண்டிய மடைகளும் அந்தப் பட்டியலிலிருந்தே எடுக்கப்படுகின்றன. ஆகவே, எண்ணைப் பகிர்ந்துகொள்ளும் இருவருடைய முறை ஒரே நாளில் வந்தால், பின்னால் உள்ளவரின் செய்தியும் மடையும் காணாமற் போகும். மேலும் ஒன்று. பதினொரு முறைப்பாடுகள், அதற்கு முந்திய முறைப்பாட்டுக்காகக் கொடுக்கப்பட்ட மாற்று நாளிலேயே பிறந்திருக்கின்றன.”

கடைசி வாக்கியத்தை அவள் மூன்று தரம் வாசித்தாள்.

வயல் வரம்பில் குடியிருந்த நண்டைப் பற்றி ஒரு கதை உண்டு. வளைக்கு அருகே நீர் கசிவதைக் கண்ட நண்டு, பக்கத்து மண்ணைத் தோண்டி அந்தத் துளையை அடைத்ததாம். மறுநாள், தோண்டிய இடத்தில் கசிந்தது. அதற்கும் பக்கத்தில் தோண்டி அதையும் அடைத்தது. போகம் முடியும்வரை ஓய்வின்றி உழைத்த அந்த நண்டு, வரம்பை அரிக்கிறவன் கொக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததாம்.

“நான் ஒராளுக்கு நாள் மாத்திக் குடுக்க, அந்த நாளிலை மற்றாள் விழுந்திருக்கு,” என்றாள் யதுர்ஷிகா. “பதினாலு தரமும் பிழை இல்லையெண்டு என்ரை கையாலை எழுதினனான், றிப்னாஸ்.”

றிப்னாஸ் இன்னும் திருத்தாத நிரலைக் கொண்டே திங்கட்கிழமைப் பட்டியலை ஆக்கிப் பார்த்தான். கமலாசனிக்குக் கொடுத்த மாற்று நாள் அது. அவருடைய ஒன்பதாம் இலக்க மடை பட்டியலில் இருந்தது. பதினான்காம் இலக்கம் இல்லை.

“பதினாலு ஆற்ரை?” என்று கேட்டார் விமலேஸ்வரி.

யதுர்ஷிகா பெயரைப் பார்த்தாள். “பரமலிங்கம் ஐயாவின்ரை. அமைப்பு அவருக்குப் போன் குடுக்க முந்திப் பதிஞ்சது, அதுவும் கடை நம்பர்தான்.”

மூவரும் திரைக்கு முன்னால் நின்றார்கள். ஆற்று மணலை விளையாட்டாகக் கிளறிய கையில் ஊற்று நீர் தட்டுப்பட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது யதுர்ஷிகாவுக்கு. மூன்று போகத்துச் சொற்கள். கன்று போட்ட பசுவும் காய்ச்சல்காரியும் குரைத்த நாயும் நிறைந்த சொற்கள். அவற்றின் ஊடே ஒரு மிளகாய் ஆலையின் இரைச்சலைத் தொடர்ந்து நடந்து, அவள் எழுதிய ஒரே ஒரு வரியின் வாசலில் வந்து நின்றிருக்கிறது ஏதோ ஒன்று. நின்று, உள்ளே நுழையாமல், ஊரைத் தெரிந்தவரிடம் கேளுங்கள் என்று ஒதுங்கியும் இருக்கிறது.

விமலேஸ்வரி மெல்லக் கேட்டார். “அப்ப வாசிச்சதோ? எல்லாத்தையும்?”

“எல்லாத்தையும் அக்கா. கடைசி வரிவரைக்கும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அதைத் துடைத்து முடிக்க நெடுநேரம் எடுத்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. பரமலிங்கம் முன்வரிசையில், பொலித்தீனில் சுற்றிய கைபேசியை மடியில் வைத்து அமர்ந்திருந்தார். கமலாசனி எழுந்தார்.

“என்ரை வயல் காயேக்கை உவர் சைக்கிளிலை போறார், பாத்தும் பாக்காத மாதிரி. இல்லையெண்டு சொல்லச் சொல்லுங்கோ!”

“போனனான்தான் தங்கச்சி. பாத்தனான்தான்,” என்றார் பரமலிங்கம். “பட்டியலிலை இல்லாததைத் திறந்தா, வேண்டின ஆக்களுக்குத் திறந்தனான் எண்டு சொல்லுவியள். போன் சொல்லுறதை மட்டும் செய் எண்டு உந்த மண்டபத்திலைதானே என்னட்டைக் கையெழுத்து வாங்கினியள்?”

“போன்லை பிழையில்லையாமே!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

யதுர்ஷிகா எழுந்தாள். “பிழை இருக்கு,” என்றாள். “பிழை விட்டது நான். விதானையார் ஒரு நாளும் பொய் சொல்லேல்லை.”

கடைத் தொலைபேசியையும், அவள் எழுதிய வரியையும், மாற்று நாட்களையும் விளங்கப்படுத்தி, அந்த வரியைத் திருத்திவிட்டதையும் சொன்னாள். பின்வரிசையில் நின்ற பாறூக் தலையில் கை வைத்தார். “யா அல்லாஹ், என்ரை போனாலையோ இவ்வளவும்?”

“உங்கடை போனிலை ஒரு குறையும் இல்லை நானா. நாங்கள்தான் அதை ஒரே ஆளெண்டு நினைச்சிட்டம்.” அவள் ஒரு தாளை உயர்த்திக் காட்டினாள். “இது பழைய நிரல் தந்திருக்கக்கூடிய நாளைப் பட்டியல். கமலாசனியக்காவுக்குத் தண்ணி இருக்கு. விடுபட்டது பதினாலாம் இலக்கம். விதானையாற்ரை சொந்த வயல்.”

பரமலிங்கம் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப நாளைக்கு என்ரை நெல்லும் காஞ்சிருக்கும். பட்டியலிலை இல்லையே, நானெப்பிடித் திறக்கிறது?”

அவர் திறந்திருக்கமாட்டார் என்பது அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. கமலாசனி இருக்கையில் அமர்ந்து தரையைப் பார்த்தார். தலைவர், விலக்கல் தீர்மானம் எழுதிய கடதாசியை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதன்பின் அதை எவரும் கேட்கவில்லை.

கலையும்போது பரமலிங்கம் அவளருகே வந்தார். “நான் மூண்டு போகமாச் சொன்னதை ஒருத்தரும் கேக்கேல்லை, பிள்ளை. இதை ஆர் கேட்டது?”

“எழுதி வைச்சது விமலேஸ்வரியக்கா. வாசிச்சது ஒரு மெஷின், ஐயா.”

“மெஷினோ!” என்றார். வாசலில் நின்று வாய்க்கால் பக்கம் பார்த்தார். “அதுக்கெண்டாலும் பொறுமை இருந்திருக்கு.”

திங்கள் மாலை பாறூக் அழைத்தார். விமலேஸ்வரி கேட்டு எழுதினார். யதுர்ஷிகா அதைத் திறந்தபோது முதல் வரி, நாளைய முறைக்காரர் இருவருக்கும் தனித்தனியே செய்தி வந்துவிட்டது, குறை ஒன்றும் இல்லை என்றிருந்தது. மூடிவிடலாம். அவள் மூடவில்லை, கீழே வாசித்துக்கொண்டு போனாள்.

‘கடைக்குப் பின்னால் மிளகாய் அரைக்கிற சத்தம். நானாவுக்கு முழங்கால் உளைவு குறைவாம். விதானையார் இன்று எல்லா மடையும் திறந்து முடித்துத் தன்ரை வயலுக்குக் கடைசியாகத் திறந்தாராம். கமலாசனி வரம்பில் காத்து நின்று தேத்தண்ணி கொடுத்தாவாம். இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லையாம். ஆனால் விதானையார் இரண்டாந்தரமும் வாங்கிக் குடித்தவராம்.’