இரண்டாம் படிக்குத் தெரியாதது

ஜெரூஷா உணவுப் பெட்டியைத் திறந்ததுமே அவள் கைப்பேசி அதிர்ந்தது. ‘கனமழை காரணமாக இன்று மதியத்தோடு பள்ளி விடப்படும். பிள்ளையை அழைத்துச் செல்லவும்.’ அனுப்பியது ஊரப்பாக்கத்துப் பள்ளி ஒன்று. அதே செய்தி மறுபடியும் வந்தது. பிறகு மூச்சுவிடாமல் வந்துகொண்டே இருந்தது.

அவள் வேலை பார்த்த, தாம்பரம் சானடோரியத்தை ஒட்டிய சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிகள் பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் மென்பொருளை அவர்கள் தயாரித்தார்கள். அதைச் சோதிக்கும்போது எல்லாச் செய்திகளும், கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரின் எண்ணுக்கே போய்ச் சேரும். அந்தப் பேறு இப்போது ஜெரூஷாவுடையது.

“சார், நீங்க ஏதாவது டெஸ்ட் பண்றீங்களா?” என்று தயக்கத்துடன் கேட்டாள்.

குழுத்தலைவர் தோத்தாத்ரி நிமிரவில்லை. “சாம்பார் சாதம் சாப்பிடறேன்மா. ஏன், போன் கத்துதா? புது ஆளுக்கு நாங்க குடுக்கற மரியாதை அது.”

அவள் சிரிக்க முயன்றாள். ஆனால் செய்திகளின் தலைப்பில் ‘சோதனை மாணவர்’ என்ற வழக்கமான பெயர் இல்லை. ஜோஸ்வின், மூன்றாம் வகுப்பு. பிளஸ்ஸி, ஐந்தாம் வகுப்பு. சன்னலுக்கு வெளியே ஜி.எஸ்.டி. சாலை மழையில் மங்கிக் கிடந்தது.

இதுவரை தோத்தாத்ரி கையால் செய்துவந்த, புதிய பதிப்பைக் கட்டும் பில்ட் வேலையை, தானாகவே நடக்கும்படி இந்த வாரம் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். காலையில் முதன்முறையாக அது ஓடிப் பச்சை டிக் காட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள். புதிய பதிப்பு பள்ளிகளின் கணினிகளுக்குப் போய்விட்டது.

அந்த வேலையின் முதல் படி, இந்தப் பதிப்பு நிஜமா, சோதனையா என்பதை என்விரான்மென்ட் வேரியபிள் என்னும் தற்காலிகக் குறிப்பில் எழுதிவைக்கும். இரண்டாம் படி அதைப் படித்து மென்பொருளைக் கட்டும். ஒன்றும் எழுதியிராவிட்டால் சோதனை என்றே கொள்ளும். தன் விண்டோஸ் கணினியில் அவள் எல்லா வரிகளையும் கட்டளைகளை இடும் ஒரே பவர்ஷெல் சன்னலில் அடித்துப் பார்த்திருந்தாள். முதல் வரி சொன்னது கடைசி வரி வரை நினைவில் இருந்தது. தானியங்கி ஓட்டத்திலோ ஒவ்வொரு படிக்கும் ஒரு புதிய சன்னல். முதல் சன்னல் மூடியதும் அது சொன்னதும் போயிற்று. பள்ளிகளுக்குப் போனது சோதனைப் பதிப்பு.

யாரிடமும் அனுமதி கேளாமல் அவள் பள்ளியை அழைத்தாள். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அருள்மேரி எடுத்தார்.

“வணக்கம் மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும்...”

“சட்டுனு சொல்லும்மா, இங்க ஒரே பேஜாரா இருக்கு.”

“நீங்க அனுப்பின மெசேஜ் ஒண்ணுகூட பேரண்ட்ஸுக்குப் போகல மேடம். எல்லாம் என் போன்லதான் இருக்கு. தயவுசெஞ்சு பசங்கள வெளிய விடாதீங்க.”

“இன்னாம்மா சொல்ற? அனுப்பியாச்சுன்னு பச்சையா காட்டுதே!”

“இங்கயும் பச்சையாதான் மேடம் காட்டுச்சு.”

மழைச் சத்தத்தையும் மீறி, “ரத்தினம் அண்ணா, கேட்ட சாத்துங்க! பசங்கள உள்ள கூப்பிடுங்க!” என்று அருள்மேரி கத்தியது காதைத் துளைத்தது.

திரும்பினால் தோத்தாத்ரி கை கழுவாமலே பின்னால் நின்றிருந்தார். அவள் வாய் திறக்குமுன், “நானும்தான் டிக்கப் பார்த்துக் கை தட்டினேன்” என்றார். “மத்த ஸ்கூலுக்கெல்லாம் நான் போன் போடறேன். நீ சரி பண்ணு.”

படிகளுக்கிடையே கைமாறும் கோப்பு ஒன்று உண்டு. நிஜமா, சோதனையா என்ற அந்த மதிப்பை அதில் எழுதும்படி ஒரு வரியை மாற்றினாள். மதிப்பு காலியாக இருந்தால் வேலை அங்கேயே நிற்க வேண்டும் என்று இன்னொரு வரி சேர்த்தாள். முதலில் வேண்டுமென்றே மதிப்பை அழித்துவிட்டு ஓட்டினாள். சிவப்பு வந்தது. அந்தச் சிவப்பு அவளுக்கு அத்தனை ஆறுதலாக இருந்தது. பிறகு சரியான மதிப்புடன் ஓட்டினாள், பச்சை. திருத்திய பதிப்பு பள்ளிகளுக்குப் போனது.

இம்முறை அவள் பச்சையை நம்பவில்லை. மென்பொருளை மூடித் திறந்து மறுபடியும் அனுப்புமாறு அருள்மேரியைக் கேட்டுக்கொண்டு, கைப்பேசியை ஆறிப்போன சாதத்தின் பக்கத்தில் வைத்தாள். அது அதிரவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதிரவில்லை.

பிறகு அழைப்பு வந்தது. “எனக்கே வந்துருச்சும்மா! எம் பொண்ணும் இங்கதான படிக்கிறா. கேட்டாண்ட குடையோட அம்மாங்க வர ஆரம்பிச்சிட்டாங்க.”

தோத்தாத்ரி மெல்லக் கேட்டார்: “இனிமே டெஸ்ட் நம்பர்ல இருந்து உன்ன எடுத்துடலாமா?”

“வேண்டாம் சார்,” என்றாள் ஜெரூஷா. “இருக்கட்டும்.”