மூக்கக்கா முகர்ந்த கோட்டு

அந்தத் துணிக்கடையில், வேண்டாமென்று திரும்பி வரும் உருப்படிகளை வாங்குபவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சும்மா வந்த பெயரா அது? விலைச்சீட்டைக் கழுத்துக்குள் மறைத்து, ஒருநாள் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, "சைஸ் சரியில்ல" என்று நீட்டும் மகராசிகளை முகர்ந்தே பிடித்துவிடுவாள். அக்குளில் ஒரு தடவை, கழுத்துப்பட்டியில் ஒரு தடவை. அப்புறம் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி: "ஏம்மா, போட்டோவுல நல்லா விழுந்துச்சா?" வந்தவர்கள் கூனிக் குறுகிப் போவார்கள். பதின்மூன்று வருஷத்தில் அந்த மூக்கு ஒருமுறைகூடத் தவறியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பிடித்த கதைகளையெல்லாம் சாப்பிடும்போது மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். யார் சென்ட் போட்டு மாட்டினாள், யார் வியர்வை படாமலிருக்க அக்குளில் காகிதம் வைக்க மறந்தாள் என்று ஒன்று விடாமல் சொல்வாள். மகள் அத்தனையையும் பாடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது இந்தக் கெட்டிக்காரிக்கு உறைக்கவே இல்லை.

மகளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? டிவி தொடரில் அடுப்படியிலும் நகைநட்டோடு நிற்கும் மருமகளைக் காட்டி, "இருந்தா இப்படி இருக்கணும்டி! நேத்துப் போட்டத இன்னிக்குப் போடுறாளா பாரு" என்று வாயைப் பிளந்தது இவள்தானே. மகள் டிவியை விட்டுக் கைபேசிக்குப் போனாள், அவ்வளவுதான். அதில் வேளைக்கொரு உடுப்பு மாற்றிச் சிரிக்கிறார்கள். போன மாதம் மகளின் படத்துக்குக் கீழே ஒருத்தி, "மறுபடியும் அதே சட்டையா?" என்று எழுதிவிட்டாள். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தது பெண். பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

இன்று மத்தியானம் முன்பின் தெரியாத ஒரு பெண் சிவப்புக் கோட்டு ஒன்றைக் கவுண்டரில் வைத்தாள். விலைச்சீட்டு பத்திரமாக இருந்தது. அக்குள் சுத்தம், சென்ட் வாசனையும் இல்லை. பலே கைகாரி என்று நினைத்துக்கொண்டே மூக்கக்கா கழுத்துப்பட்டியை முகர்ந்தாள்.

தைலம். முட்டிவலிக்கு அவளே காய்ச்சி, தன் பீரோவில் வைத்திருக்கும் மூடி சரியில்லாத சீசா. இந்த நாற்றம் வேறெந்த வீட்டிலும் கிடையாது. கோட்டை ஒளிக்க அம்மாவின் பீரோவைவிடப் பத்திரமான இடம் ஏது என்று நினைத்திருக்கிறாள் மகள்; திருப்பிக் கொடுக்க யாரோ தோழியை அனுப்பியிருக்கிறாள். பிறந்ததிலிருந்து அந்த வாசனையிலேயே வளர்ந்தவளுக்கு அது எப்படித் தெரியும்?

மூக்கக்கா கோட்டிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. பக்கத்தில் மேனேஜர் வேறு.

"என்னக்கா, மூக்கு என்ன சொல்லுது?"

நான்கு பேர் வேடிக்கை பார்க்கத் தயாராக நின்றார்கள். வழக்கமான அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டு, மூக்கக்கா கோட்டை மடித்தாள்.

"புதுசு சார். யாரும் போடல" என்றாள்.

மேனேஜர் மறுபேச்சுப் பேசாமல் முத்திரை குத்தினார். அந்த நம்பிக்கைதான் அவளைக் கொன்றது.

சாயங்காலம், கண்டிப்பதா கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியாமலேயே வீட்டுப்படி ஏறினாள். உள்ளே மகள் கைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா மூக்குலயே மண்ணத் தூவியாச்சுடி! இனிமே என்ன பயம்? அடுத்த வாரத்துக்கு ரெண்டா எடுத்துடு."

மூக்கக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் மூக்கு ஏமாறலடி. வாய்தான் பொய் சொல்லுச்சு. நாளைக்கு என்கூட வந்து மேனேஜர்கிட்ட நீயே சொல்ற."

மகளின் முகம் வெளிறியது. "ஐயோ அம்மா, வேணாம்மா! எல்லாருக்கும் தெரிஞ்சா என் மானமே போயிடும்."

"என்னோடது மத்தியானமே போயிடுச்சு" என்றாள் மூக்கக்கா.